வேல்ஸ் கிராமத்தில் ஒரு வருடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு வேல்ஸில் ட்ரெகாரன் என்று ஒரு சிற்றூர். அங்கிருந்து மலைப்பக்கம் சில மைல் தள்ளி இருக்கும் ஒரு கிராமத்தில் ஏழு வருடமாகக் குடியிருக்கிறேன். போன் செய்கிற சொந்தக்காரர்களும் நண்பர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதிவைக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஊரில் சுவரில் தொங்கும் காலண்டர் சும்மா பேருக்குத்தான். நிஜக் காலண்டர் ஆடுகளிடம் இருக்கிறது.

வேல்ஸ் என்றால் இங்கிலாந்துதானே?

இல்லை. இதை இங்கே யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து மாதிரி இதுவும் பிரிட்டனுக்குள் ஒரு நாடு. தலைநகர் கார்டிஃப், அங்கே தனி நாடாளுமன்றம். வெல்ஷ் என்று தனி மொழியும் உண்டு. 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 31 லட்சம். செம்மறி ஆடுகள் அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

உங்கள் ஊரில் என்னதான் இருக்கிறது?

நாற்பது வீடு, சேப்பல் எனும் சிறு தேவாலயம் ஒன்று, ஒரு பப், பஸ் எப்போதாவது வந்து நிற்கும் ஒரு நிறுத்தம். சிவப்பு டெலிபோன் பூத் ஒன்று உண்டு, ஆனால் உள்ளே டெலிபோன் கிடையாது. மாரடைப்பு வந்தவருக்கு ஷாக் கொடுக்கிற பெட்டியை மாட்டி வைத்திருக்கிறார்கள். எரிவாயுக் குழாய் இவ்வளவு தூரம் வரவில்லை. வீட்டைச் சூடாக்குவது மண்ணெண்ணெயில்தான். லாரி வந்து தோட்டத்து டேங்கில் நிரப்பிவிட்டுப் போகும். ஜனவரியில் டேங்க் காலியானால் என்ன ஆகும் என்பதை முதல் வருடமே அனுபவித்துத் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு விஷயம், இங்கே குடும்பப் பெயருக்குப் பெரிய பஞ்சம். ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ், வில்லியம்ஸ் இந்த நாலைந்துக்குள் பாதி ஊர் அடங்கிவிடும். அதனால் ஒருவரை அவருடைய பண்ணையின் பெயராலோ செய்கிற தொழிலாலோதான் சொல்வார்கள். நான் குடியிருப்பது மூடிப்போன பள்ளிக்கூடத்தை ஒட்டிய தலைமையாசிரியர் வீடு. எனவே தபால்காரரிலிருந்து சேப்பல் பாட்டி வரை எல்லாருக்கும் நான் 'பள்ளிக்கூட வீடு'. என் சொந்தப் பெயரைச் சரியாகச் சொல்கிறவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் கால்நடை மருத்துவர்.

அங்கே வருடத்துக்கு எத்தனை பருவம்?

புத்தகத்தில் நாலு. இவர்களின் பழைய கணக்கில் இரண்டு: மே 1-ல் கோடை தொடங்கும், நவம்பர் 1-ல் குளிர்காலம். கோடை வந்ததும் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு மலைமேல் இருக்கும் சிறு வீட்டுக்குப் போய்விடுவார்கள், குளிர் வருமுன் பள்ளத்தாக்கு வீட்டுக்கு இறங்கிவிடுவார்கள். மேல்வீட்டுக்கு 'ஹாவோட்', கீழ்வீட்டுக்கு 'ஹென்ட்ரே'. அந்தப் பழக்கம் போய் ரொம்ப காலம் ஆகிவிட்டது. ஆனாலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் பண்ணைப் பெயர்ப் பலகைகளில் இந்த இரண்டு சொற்கள் இருக்கும். பெயரைப் படித்தாலே அந்த வீடு உயரத்திலா தாழ்விலா என்று சொல்லிவிடலாம்.

மாதப் பெயர்களும் அப்படித்தான். வெல்ஷில் செப்டம்பரின் பெயர் 'மெதி', அறுப்பது என்று பொருள். நவம்பர் 'தாஹ்வெத்', அதாவது வெட்டுதல். தீவனம் பற்றாதென்று குளிருக்கு முன் கால்நடைகளை வெட்டி உப்புப் போட்டு வைத்த மாதம். ஜூன் 'மெஹெவின்', நடுக்கோடை. ஜூலை 'கோர்ஃபென்னாவ்', கோடை முடிவு. ஜூலையிலேயே கோடை முடிந்துவிட்டதா என்று நான் சிரித்தேன். ஆகஸ்டில் ஸ்வெட்டரைத் தேடியபோது சிரிப்பு நின்றது.

ஆனால் உடம்பு உணர்கிற பருவம் வெப்பத்தைவிட வெளிச்சத்தில்தான் இருக்கிறது. ஜூன் கடைசியில் இரவு பத்தரைக்கும் வானம் முழுதாக இருட்டாது. டிசம்பர் 21-ஐ ஒட்டி காலை எட்டரை மணி வாக்கில் சூரியன் எட்டிப் பார்க்கும், மாலை நாலு மணிக்கெல்லாம் போய்விடும். நடுவில் மேகம் வேறு.

எப்போதும் மழையாமே?

ஆமாம். வடக்கே ஸ்னோடோனியா மலைகளில் வருடத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற இடம் இருக்கிறது. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை. அதோடு, நமக்குத் தெரிந்த மழையும் இல்லை. நம் ஐப்பசி அடைமழை வரும், கொட்டும், ஓயும். இந்த மழைக்குக் கொட்டவும் தெரியாது, ஓயவும் தெரியாது. காற்றோடு பக்கவாட்டில் வந்து காதுக்குள் நுழையும். குடை வைத்திருப்பவர் வெளியூர்க்காரர் என்று பொருள்.

சாரலிலிருந்து பெருமழை வரை வகை வகையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது, நல்ல மழைக்குச் சொல்லும் ஒரு தொடர்: 'கிழவிகளும் கைத்தடிகளுமாகக் கொட்டுகிறது.' ஏன் கிழவிகள் என்று கேட்டதற்குப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, "பார்த்தால் தெரியவில்லையா?" என்றார். இன்னும் தெரியவில்லை.

மழையைவிட அதன் மிச்சமான சேறுதான் பெரிய விஷயம். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் இல்லாமல் வாசல் தாண்ட முடியாது. பப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று உள்ளே போய்ப் பார்க்கத் தேவையில்லை, வாசலில் கிடக்கும் பூட்ஸைப் பார்த்தால் போதும்.

வருடத்திலேயே முக்கியமான நாட்கள் எவை? கிறிஸ்துமஸா?

இல்லை, குட்டி ஈனும் காலம். தாழ்வான பண்ணைகளில் மார்ச், உயரத்தில் ஏப்ரல். செம்மறிக்குச் சினைக்காலம் ஏறக்குறைய ஐந்து மாதம். எப்போது புல் முளைக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அக்டோபர் நவம்பரில் கிடாயை விடுவார்கள். கிடாயின் நெஞ்சில் சாயம் பூசியிருக்கும். ஏறிய ஆட்டின் முதுகில் சாயம் ஒட்டும், வாரா வாரம் நிறத்தை மாற்றுவார்கள். எந்த ஆடு எந்த வாரம் ஈனும் என்பது மலைச்சரிவில் சிவப்பும் நீலமுமாக எழுதி வைத்த மாதிரி தெரியும். ஜனவரி பிப்ரவரியில் ஸ்கேன் செய்கிறவர் வண்டியோடு வருவார். ஒற்றைக் குட்டியா, இரட்டையா, மூன்றா என்று பார்த்து அதற்கும் ஒரு வண்ணப்பொட்டு. தீவனம் அந்தப் பொட்டைப் பார்த்துத்தான்.

அந்த ஆறு வாரமும் ஊரில் வேறு ஒன்றும் நடக்காது. கூட்டம் கிடையாது, கல்யாணம் வைக்க மாட்டார்கள், பல் வலியைக்கூடத் தள்ளிப்போடுவார்கள். கொட்டகையில் இரவு முழுக்க விளக்கு எரியும். நான் வந்த இரண்டாவது மார்ச்சில் ஒரு நாள் நடுராத்திரி இரண்டு மணிக்குக் கதவு தட்டினார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர். மனைவி ஆஸ்பத்திரியில், மகன் கல்லூரியில். அவருடைய கை மண்வெட்டி அகலம். "உன் கை சின்னது, வா" என்றார், அவ்வளவுதான்.

பனியன் கையை மடித்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, வழுவழுப்பான களிம்பைத் தடவிக்கொண்டு உள்ளே கையை விட்டேன். கொதிக்கக் கொதிக்கச் சூடு. முன்னங்கால் இரண்டும் மூக்கும் சேர்ந்து வரவேண்டும். இதற்கு ஒரு கால் பின்னால் மடங்கிக் கிடந்தது. அவர் சொல்லச் சொல்ல விரலால் குளம்பைத் தேடி, கருப்பை கிழியாமல் உள்ளங்கையால் குளம்பை மூடி, முன்னால் கொண்டுவந்தேன். ஆடு முக்கியபோது மட்டும் இழுத்தேன். மஞ்சள் சளியோடு வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது, அசைவே இல்லை. அவர் ஒரு வைக்கோலை எடுத்து அதன் மூக்குத் துவாரத்தில் குடைந்தார். தும்மியது. அவ்வளவு சின்ன தும்மலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. தொப்புளில் அயோடின், தாயின் முகத்தருகே ஒரு தள்ளு, முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால். அப்புறம் தாய்க்கும் குட்டிக்கும் விலாவில் ஒரே எண்ணை ஸ்பிரேயில் எழுதிவிட்டார். நான் எடுத்த குட்டியின் எண் 114.

குட்டி செத்துப்போன தாய் ஒரு பக்கம், தாயில்லாத குட்டி மறுபக்கம் இருந்தால் ஒரு பழைய வித்தை உண்டு. செத்த குட்டியின் தோலை உரித்து, அநாதைக் குட்டிக்குச் சட்டை மாதிரி மாட்டிவிடுவார்கள். தாய் முகர்ந்து பார்த்து, தன் வாசனைதான் என்று மடி கொடுக்கும். பார்க்கக் கொடூரமாகத்தான் இருக்கும், இரண்டு நாளில் தோலைக் கழற்றிவிடலாம். அதுவும் ஒத்துவராத குட்டிகள் சமையலறை அடுப்போரம் அட்டைப்பெட்டிக்குள் வந்து பாட்டில் பால் குடிக்கும். இவற்றுக்கு 'சுக்கி' ஆடு என்று பெயர். வளர்ந்த பிறகும் மனிதரைக் கண்டால் ஓடி வந்து முட்டும்.

மலையில் வேலி இல்லையே, ஆடுகள் தொலைந்து போகாதா?

போகாது. திறந்த மலையில் ஒவ்வொரு மந்தைக்கும் தன் எல்லை தெரியும். தாய் மேய்ந்த இடத்தில்தான் பெட்டைக்குட்டி மேயும், அதன் குட்டியும் அங்கேயே. தலைமுறை தலைமுறையாகப் பாலோடு வருகிற பழக்கம். அந்த நிலப்பகுதிக்கு 'கனெவின்' என்று பெயர். ஆட்டுக்குச் சொல்லும் இதே சொல்லை மனிதருக்கும் சொல்வார்கள், தான் பழகிய, தன்னை அறிந்த இடம் என்ற பொருளில். தமிழில் 'சொந்த மண்' கிட்டத்தட்ட அருகில் வரும்.

2001-ல் கோமாரி நோய் பரவியபோது பிரிட்டன் முழுக்க 60 லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். மலை மந்தை அழிந்த இடங்களில் இழப்பு பணத்தோடு நிற்கவில்லை. சந்தையில் வேறு ஆடு வாங்கிவிடலாம், ஆனால் அந்த ஆட்டுக்கு மலை தெரியாதே. எல்லை பழகும்வரை யாராவது மேய்த்துக் காத்திருக்க வேண்டும்.

மந்தையை இறக்குவது நாய்கள்தான். சீழ்க்கை ஒலிக்கு ஏற்ப இடமும் வலமும் சுற்றும். பிரிட்டனில் பதிவான முதல் மேய்ச்சல் நாய்ப் போட்டி 1873-ல் வேல்ஸின் பாலா ஊரில்தான் நடந்தது. பரிசை ஒரு ஸ்காட்லாந்துக்காரர் தட்டிக்கொண்டு போனார். இதை இங்கே சத்தமாகச் சொல்வதில்லை.

கம்பளியில் நல்ல வருமானமா?

இல்லை. ரோமம் கத்தரிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாத வருடங்களே அதிகம். இருந்தாலும் ஜூன் ஜூலையில் கத்தரித்தே ஆகவேண்டும். இல்லையென்றால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். வருமானம் இறைச்சியில்தான், அதற்கும் அரசு மானியத்தின் தயவு வேண்டும்.

கோடையில் என்ன செய்வார்கள்?

வானத்தைப் பார்ப்பார்கள். புல்லை அறுத்துக் காயவைக்க நாலு நாள் தொடர்ந்து வெயில் வேண்டும். அது கிடைப்பது அரிது என்பதால் பெரும்பாலும் ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே உருட்டிக் கறுப்பு பிளாஸ்டிக்கில் சுற்றிவிடுகிறார்கள். நல்ல வானிலை வந்துவிட்டால் ராத்திரி பதினோரு மணிக்கும் டிராக்டர் ஓடும். யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

ஜூலையில் பில்த் ஊரை ஒட்டி நாலு நாள் பெரிய விவசாயக் கண்காட்சி, ராயல் வெல்ஷ். ஆட்டைக் குளிப்பாட்டி, முகம் துடைத்து, சீப்பு வைத்து வாரிக்கொண்டு போவார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் தேசிய ஐஸ்டெட்வோட், கவிதைக்கும் பாட்டுக்குமான விழா. ஒரு வருடம் வடக்கில், ஒரு வருடம் தெற்கில். 1176-ல் கார்டிகன் கோட்டையில் நடந்ததை முதல் விழாவாகச் சொல்வார்கள். மரபுக் கவிதையில் வெல்பவருக்கு ஒரு நாற்காலி பரிசு. 1917-ல் அந்த நாற்காலியை வென்றவர் ஹெத் வின் என்ற புனைபெயர் கொண்ட ஒரு ஆட்டுப்பண்ணை மகன், ட்ரோஸ்வினித் ஊர்க்காரர். மேடையில் பெயரை அழைத்தபோது யாரும் எழவில்லை. சில வாரங்களுக்கு முன், ஜூலை 31 அன்று, பெல்ஜியத்துப் போர்க்களத்தில் செத்திருந்தார். நாற்காலியைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். அது இன்றும் அவர் வீட்டில், யர் அஸ்கூர்ன் என்ற அந்தப் பண்ணையில், இருக்கிறது.

பெரிய விழாவுக்குப் போட்டியாக ஊர் ஊருக்குச் சின்ன ஐஸ்டெட்வோடும் உண்டு. எங்கள் ஊர்க் கூடத்தில் நடப்பதில் ஐந்து வயதுக் குழந்தையிலிருந்து எண்பது வயது டிராக்டர் மெக்கானிக் வரை மேடை ஏறுவார்கள். மெக்கானிக் எதுகை பிசகிவிட்டது என்று நடுவரோடு சண்டை போட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

குளிர்காலத்தை எப்படித் தாங்குகிறீர்கள்?

பனி அவ்வளவாக விழாது. காற்றுதான் ஆபத்து. 2024 டிசம்பர் 7-ல் டாரா புயல் வந்தபோது மேற்குக் கரைக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தார்கள். மரங்கள் கம்பிமேல் விழுந்து எங்களுக்கு நாலு நாள் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் மண்ணெண்ணெய் பாய்லரும் ஓடாது, மொபைல் கோபுரமும் செத்துவிடும். விறகடுப்பு இருந்த மூன்று வீடுகளில் மொத்த ஊரும் உட்கார்ந்து கவுல் குடித்தது. கவுல் என்பது ஆட்டுக்கறி, உருளை, வெங்காயத்தாள் மாதிரியான லீக், மஞ்சள் டர்னிப் போட்டு மெதுவாகக் கொதிக்கவிடும் சூப். மிளகாய் இல்லை. முதல் நாள் எனக்குச் சப்பென்றிருந்தது. மீன்குழம்பு மாதிரி, மறுநாள் சுடவைத்தால்தான் அதற்கு உயிர் வருகிறது.

இருட்டை விரட்டப் பழைய வேடிக்கைகளும் இருக்கின்றன. தெற்கே கிளாமார்கன் பக்கம் மாரி லூயிட் என்று ஒன்று. குதிரையின் மண்டையோட்டைக் கம்பில் மாட்டி, வெள்ளைத் துணி போர்த்தி, ரிப்பன் கட்டி வீடு வீடாகக் கொண்டுவருவார்கள். வாசலில் நின்று பாட்டிலேயே கேள்வி, உள்ளேயிருந்து பாட்டிலேயே பதில். நம் லாவணிதான், கதவு நடுவில். உள்ளே இருப்பவர் பதில் இல்லாமல் தோற்றால் குதிரை உள்ளே வந்துவிடும், சாராயமும் கேக்கும் கொடுத்தாக வேண்டும். பெம்ப்ரோக்‌ஷயரில் குவைன் பள்ளத்தாக்குக்காரர்கள் இன்றும் ஜனவரி 13-ல்தான் புத்தாண்டு கொண்டாடுகிறார்கள். 1752-ல் பிரிட்டன் காலண்டரை மாற்றியதை அவர்கள் இன்னும் ஏற்கவில்லை போலும். குழந்தைகள் அன்று பாடிக்கொண்டே வீடு வீடாகப் போய்க் காசும் மிட்டாயும் வாங்குவார்கள்.

வெல்ஷ் கற்றுக்கொள்வது கஷ்டமா?

2021 கணக்கில் வேல்ஸில் வெல்ஷ் பேசுபவர்கள் 17.8 சதவீதம்தான். எங்கள் பக்கத்தில் அது அன்றாட மொழி, ஆடு விற்பதும் திட்டுவதும் அதில்தான். ஊர்ப் பெயர்களில் வரும் 'ல்ல்' என்ற ஒலிக்கு நாக்கை 'ல' சொல்லும் இடத்தில் வைத்து இருபக்கமும் காற்றை ஊதவேண்டும். ஆங்கிலேயர்கள் திணறுவார்கள். 'ழ'வுக்குப் பழகிய நாக்குக்கு ஒரு வாரம் போதும். பதிலுக்கு நான் 'வாழைப்பழம்' கொடுத்தேன், பப்பில் இன்னும் யாருக்கும் வரவில்லை.

நம் நீ, நீங்கள் மாதிரி அவர்களுக்கும் 'டீ', 'ஹீ' என்று இரண்டு உண்டு. பக்கத்துப் பண்ணைக்காரர் ஒன்றரை வருடம் என்னை 'ஹீ' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கதவைத் தட்டிய அந்த இரவில்தான் 'டீ' வந்தது. அவசரத்தில் வந்ததா, கை கழுவும்போது வந்ததா, நினைவில்லை. அதற்கப்புறம் மாறவில்லை.

கோயில் ஏதாவது உண்டா?

நம்புங்கள், முருகன் கோயில் உண்டு. கார்மார்தன்ஷயரில் லான்பும்சைன்ட் கிராமத்தை ஒட்டிய காட்டுப் பள்ளத்தாக்கில், ஸ்கந்த வேல் என்ற ஆசிரமம். இலங்கையிலிருந்து வந்த குரு சுப்ரமணியம் 1973-ல் தொடங்கியது. முருகனோடு சக்திக்கும் ரங்கநாதருக்கும் சன்னதி இருக்கிறது. இலங்கையிலிருந்து வந்த யானையின் பெயர் வள்ளி. போகிறவர்களுக்குச் சாப்பாடு இலவசம். வேல்ஸ் மழையில் நனைந்துபோய் அங்கே சாம்பார் வாசனை பிடித்தால் கண் கலங்கும், ஆவி பட்டுத்தான்.

2007-ல் அந்த ஆசிரமத்துக் காளை ஷாம்போவுக்கு மாட்டுக் காசநோய்ச் சோதனையில் நோய் இருப்பதாக வந்தது. சட்டப்படி கொல்லவேண்டும். ஆசிரமம் நீதிமன்றம் போய் முதலில் வென்றது, மேல்முறையீட்டில் தோற்றது. ஜூலை 26 அன்று அழைத்துப்போய்க் கொன்றார்கள். தமிழர்கள் பலருக்கு அது இன்னும் ஆறவில்லை. என் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் பேச்செடுத்தேன். அதே சோதனையில் அவர் பதினோரு பசுக்களைக் கொடுத்திருக்கிறார். "அவர்கள் காளைக்காக அழுதார்கள். எங்களையும் அழவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, நேரம்தான் கொடுக்கவில்லை" என்றார். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது, அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

ஊர் காலியாகிறதா?

ஆகிறது, ஆனால் வீடுகள் காலியாக விற்பனைக்குக் கிடக்கவில்லை. விடுமுறை வீடாக வாங்கிப் பூட்டிவைக்கிறார்கள். கடற்கரை ஊர்களில் இது மோசம். 2023 ஏப்ரலிலிருந்து இப்படிப்பட்ட வீடுகளுக்கு வழக்கமான வரிக்கு மேல் 300 சதவீதம் வரை கூடுதல் வரி போட உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். மறுபக்கம், சில ஊர்கள் தாங்களே கையில் எடுத்திருக்கின்றன. லித்வைன் கிராமத்தில் மூடிய பப்பை 1988-ல் ஊரே வாங்கி இன்றுவரை நடத்துகிறது. எங்கள் பப்புக்கும் அப்படி ஒரு பேச்சு ஓடுகிறது. பங்குக்குப் பணம் கொடுத்துவிட்டேன். கழிவறையை யார் சுத்தம் செய்வது என்பதில் கமிட்டி ஆறு மாதமாக நிற்கிறது.

வரலாம் என்றிருக்கிறோம், எப்போது வரட்டும்?

மே மாதம். ஓக் காடுகளில் தரை முழுக்க நீலமணிப் பூ, மலையில் குட்டிகள் துள்ளும், மழைக்கும் கொஞ்சம் மனசு இரங்கும். தலைக்குமேல் 'ரெட் கைட்' என்கிற வால் பிளந்த பருந்து வட்டமிடும். ஒரு காலத்தில் பிரிட்டனிலேயே இந்த மலைகளில் மட்டும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு மிஞ்சியிருந்த பறவை, இப்போது காக்கை மாதிரி ஆகிவிட்டது. மார்ச்சில் வராதீர்கள், யாரும் உங்களோடு பேச மாட்டார்கள்.

வயல்வெளியில் நடக்கும்போது மூடியிருந்த கேட்டை மூடுங்கள், திறந்திருந்ததைத் திறந்தே விடுங்கள். நாயைக் கயிற்றில் பிடியுங்கள். சாலை ஒரு கார் அகலம்தான். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடத்துக்கு யார் அருகில் இருக்கிறாரோ அவர் பின்னால் போகவேண்டும். கடந்து போகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவார். நீங்களும் ஒரு விரலைத் தூக்கினால் போதும். நம் ஊர் வழக்கப்படி கையை வெளியே நீட்டி ஆட்டிவிடாதீர்கள். ஏதோ ஆபத்து என்று நினைத்து வண்டியை நிறுத்தி இறங்கி வந்துவிடுவார்கள். முதல் வாரத்தில் நான் அப்படி மூன்று பேரை இறக்கியிருக்கிறேன்.